விற்பனை அறிக்கையில் ட்ரீமேப்: எப்போது போடலாம், எப்படிப் போடுவது?

கேள்வி இதுதான். மாதாந்திர விற்பனை அறிக்கையில் பை சார்ட்டை எடுத்துவிட்டு ட்ரீமேப் போடச் சொல்கிறார் மேலாளர். தரவில் 9 பிரிவுகள், அவற்றின் கீழ் 60 துணைப்பிரிவுகள், அதற்கும் கீழே 400 பொருட்கள். போட்டுப் பார்த்தால் திரை முழுக்க நிறம் நிறமாகக் கட்டங்கள் வருகின்றன. கூட்டத்தில் இருப்பவர்கள் ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ட்ரீமேப் உண்மையில் எதற்குப் பயன்படும்? படித்தால் புரியும்படி அதை எப்படி அமைப்பது?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ட்ரீமேப் என்பது ஒரு பெரிய செவ்வகத்தைப் பிரிவுகளாகவும், அவற்றைத் துணைப்பிரிவுகளாகவும் சின்னச் சின்னக் கட்டங்களாக்கிக் காட்டும் படம். அதில் ஒவ்வொரு கட்டமும் இரண்டு தகவல்களைச் சுமக்கிறது. கட்டத்தின் பரப்பு, அந்தப் பொருள் எவ்வளவு பெரியது என்று காட்டுகிறது. கட்டத்தின் நிறம், அது எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுகிறது: வளர்கிறதா, தேய்கிறதா, லாபம் தருகிறதா. 'பெரியதாகவும் இருந்து, மோசமாகவும் போய்க்கொண்டிருப்பது எது?' என்ற கேள்விக்கு ஒரே பார்வையில் பதில் சொல்ல ட்ரீமேப்பை விட நல்ல படம் அதிகம் இல்லை. அந்தக் கேள்வி உங்களுக்கு இல்லை, எந்தப் பிரிவு எவ்வளவு விற்றது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், வரிசைப்படுத்திய பார் சார்ட் போடுங்கள். நான் பார்த்த ட்ரீமேப்களில் பெரும்பாலானவை இரண்டாவது அளவு இல்லாமல் வெறும் பரப்பை மட்டும் காட்டுபவை. அவற்றைத்தான் மக்கள் பார்த்துவிட்டுக் கடந்து போகிறார்கள். உங்கள் படத்திலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தப் படம் பிறந்த காரணத்தைத் தெரிந்துகொண்டால் அதன் இயல்பு புரிந்துவிடும். 1990-இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் என்ற கணினி அறிவியல் பேராசிரியரின் ஆய்வகத்தில் 80 மெகாபைட் ஹார்டு டிஸ்க் ஒன்று இருந்தது. அதை 14 பேர் பகிர்ந்துகொண்டார்கள். டிஸ்க் அடிக்கடி நிரம்பிவிடும். யாருடைய எந்தக் கோப்பு இடத்தை விழுங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறை என்று போகும் மரத்தைக் கிளை கிளையாக வரைந்தால் திரை போதாது. அதனால் திரையையே ஒரு செவ்வகமாக வைத்துக்கொண்டு, அதை கோப்புறைகளுக்குப் பங்கு போட்டு, அந்தப் பங்குகளையும் உள்ளே இருக்கும் கோப்புகளுக்குப் பங்கு போட்டுக்கொண்டே போனார். பெரிய கோப்பு பெரிய கட்டமாகக் கண்ணில் பட்டுவிடும். இன்றும் வின்டிர்ஸ்டாட் போன்ற டிஸ்க் கருவிகள் இதையேதான் செய்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவருக்குத் தேவைப்பட்டது 'இந்தக் கோப்பு சரியாக எத்தனை கிலோபைட்' என்ற எண் இல்லை. எங்கே தேடுவது என்பதுதான். நிறைய சின்னதுகளுக்கு நடுவே இருக்கும் சில பெரியதுகளைக் காட்டிக்கொடுப்பதுதான் ட்ரீமேப்பின் வேலை. நிறம் இரண்டாவது பரிமாணமாக வந்து வெகுவாகப் பிரபலமானது 1998-இல். ஸ்மார்ட்மணி இணையதளத்துக்காக மார்ட்டின் வாட்டன்பெர்க் அமெரிக்கப் பங்குச் சந்தையின் 500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஒரே திரையில் வரைந்தார். நிறுவனத்தின் சந்தை மதிப்பு பரப்பாகவும், பங்கு விலை ஏறியதா இறங்கியதா என்பது பச்சை, சிவப்பாகவும் இருந்தன. துறைவாரியாகத் தொகுத்திருந்ததால், ஒரு துறை மொத்தமும் சிவந்திருக்கிறதா அல்லது ஒரே ஒரு நிறுவனம் மட்டும் அடி வாங்கியிருக்கிறதா என்று உடனே தெரிந்தது. வணிக அறிக்கைக்கு ட்ரீமேப் போடும் எவரும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தச் சந்தை வரைபடத்தைத்தான் என்பேன்.

சரி, இதில் நாம் எதை இழக்கிறோம்? துல்லியத்தை. நம் கண் நீளத்தை நன்றாக ஒப்பிடும், பரப்பை அவ்வளவு நன்றாக ஒப்பிடாது. கிளீவ்லண்ட், மக்கில் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் பட்டைகளை மனிதர்கள் சரியாகக் கணிக்கிறார்கள். பரப்புக்கு வரும்போது தவறுகள் கூடிவிடுகின்றன. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். விற்பனை 100 என்ற பொருளும் 80 என்ற பொருளும் இரண்டு சதுரங்களாக வருகின்றன. பரப்பில் 20 சதவீத வித்தியாசம். ஆனால் பக்கத்தின் நீளம் 10-இலிருந்து 8.94 ஆகத்தான் குறைகிறது, அதாவது சுமார் 10.6 சதவீதம். பார் சார்ட்டில் பளிச்சென்று தெரியும் இடைவெளி இங்கே பாதியாகச் சுருங்கிவிடுகிறது. ஒன்று நெட்டையாகவும் மற்றொன்று குட்டையாகவும் இருந்தால் எது பெரியது என்று சொல்வதே கடினம். அதனால் 'முதலிடம் யாருக்கு, மூன்றாமிடம் யாருக்கு' என்ற வகைக் கேள்வி வரக்கூடிய பக்கத்தில் ட்ரீமேப்பைத் தனியாக நிறுத்தாதீர்கள்.

வேறு சில இடங்களிலும் இது உதவாது. பிரிவுகள் பத்துக்கும் குறைவு, அவற்றின் கீழே துணைப்பிரிவு என்ற அடுக்கும் இல்லை என்றால் பார் சார்ட்டே மேல். மாதங்கள், காலாண்டுகள் போல வரிசை முக்கியமான எதையும் கட்டங்களாக்கக் கூடாது. ஜனவரி இடது மேல் மூலையிலும் பிப்ரவரி வலது கீழ் மூலையிலும் வந்து உட்கார்ந்தால் யாருக்கும் எதுவும் புரியாது.

அடுத்தது பலரும் தவறவிடும் நிபந்தனை: பரப்பாகப் போடும் அளவு கூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பிள்ளைக் கட்டங்களை (துணைப்பிரிவுகளை) கூட்டினால் அவற்றை உள்ளடக்கிய தாய்க் கட்டம் (பிரிவு) வர வேண்டும். விற்பனைத் தொகை, செலவு, இருப்பு, ஆர்டர் எண்ணிக்கை எல்லாம் கூட்டக்கூடியவை. லாப விகிதம், சராசரி விலை, வாடிக்கையாளர் மதிப்பெண் எதுவும் கூட்டக்கூடியதில்லை. இவை நிறத்துக்குப் போகலாம், பரப்புக்குப் போகக் கூடாது. இதில் ஏமாற்றும் ஒன்று இருக்கிறது: தனித்த வாடிக்கையாளர் எண்ணிக்கை. பார்த்தால் சாதாரண எண்ணிக்கை போலத்தான் இருக்கும். ஆனால் ஒரே ஆள் பிரிண்டரும் வாங்கி நாற்காலியும் வாங்கியிருந்தால் இரண்டு கட்டங்களிலும் எண்ணப்படுவார். 9 பிரிவுகளைக் கூட்டினால் மொத்த வாடிக்கையாளர்களை விட அதிகமாக வரும். படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது சொல்லும் பங்கு பொய்யாக இருக்கும்.

எதிர்மறை எண்களும் அப்படித்தான். பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஒரு பொருளில் அந்த மாதம் விற்றதை விடத் திரும்பி வந்தது அதிகம் என்றால் நிகர விற்பனை மைனஸில் இருக்கும். அதற்குச் சரியான கட்டம் என்று ஒன்று கிடையாது. படத்தில் தெரியும் கட்டங்களின் கூட்டுத்தொகையும் பக்கத்திலுள்ள அட்டவணையின் மொத்தமும் அப்போது பொருந்தாது. கூட்டத்தில் யாராவது ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால் அறிக்கையின் மீதே நம்பிக்கை போய்விடும். மொத்த விற்பனையைப் பரப்பாகவும், திரும்பி வந்த விகிதத்தை நிறமாகவும் வைத்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது. சொல்லப்போனால் அது இன்னும் பயனுள்ள படம்.

இப்போது பரப்புக்கு எந்த எண் என்ற முடிவு. பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் இந்த ஆண்டு விற்பனையைப் போட்டு, சென்ற ஆண்டோடு ஒப்பிட்ட வளர்ச்சியை நிறமாக வைப்பார்கள். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மொத்த விற்பனை இரண்டு ஆண்டுகளிலும் ஏறக்குறைய 1000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருள் சென்ற ஆண்டு 50 விற்றது, இந்த ஆண்டு 3 மட்டுமே. 600-க்கு 400 பிக்ஸல் இடத்தில் படம் வரைந்தால், இந்த ஆண்டு விற்பனைப்படி அந்தப் பொருளுக்கு 27-க்கு 27 பிக்ஸல் அளவில் ஒரு மூலைக் கட்டம்தான் கிடைக்கும். அதில் பெயர்கூட ஏறாது. அடர்த்தியான எச்சரிக்கை நிறத்தில் இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. முழுவதும் நின்றுபோயிருந்தால் கட்டமே இருக்காது. அதாவது அதிகமாக இழந்த பொருள்தான் முதலில் மறைகிறது. அதே படத்தில் சென்ற ஆண்டு விற்பனையைப் பரப்பாக வைத்தால் அதற்கு 110-க்கு 110 கட்டம் கிடைக்கும், சரிவு முகத்தில் அடித்தாற்போல் தெரியும். ஆகவே சரிவைத் தேடும் அறிக்கை என்றால் சென்ற ஆண்டின் அளவையோ, ஆண்டுத் திட்டத்தில் வைத்த இலக்கையோ பரப்பாக எடுங்கள். புதிதாக வந்த பொருட்கள் எப்படிப் போகின்றன என்பதுதான் கேள்வி என்றால் இந்த ஆண்டு விற்பனை சரி. இரண்டையும் ஒரே படத்தில் எதிர்பார்க்க முடியாது.

நிறத்துக்கு வருவோம். இந்த வேலையில் அதிகத் தவறுகள் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில், பிரிவுக்கு ஒரு நிறம் என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். பல மென்பொருள்கள் தாமாகவே அப்படித்தான் வரைகின்றன: முதல் பிரிவு நீலம், இரண்டாவது ஆரஞ்சு, மூன்றாவது பச்சை. பிரிவு எது என்பது அதன் எல்லைக்கோட்டிலும் தலைப்பிலும் ஏற்கெனவே தெரிகிறது. அதையே நிறத்தாலும் சொல்வது, இரண்டாவது தகவலுக்குக் கிடைத்த ஒரே இடத்தை வீணாக்குவது. கட்டங்களுக்கு நடுவே தெளிவான வெள்ளை இடைவெளி விட்டு, பிரிவுகளுக்கு நடுவே அதை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினால் போதும்.

அப்புறம், தாய்க் கட்டத்தின் நிறம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பிரிண்டர் பிரிவில் மூன்று பொருட்கள் என்று வையுங்கள். முதலாவது 90 விற்று 4.5 லாபம் தருகிறது, லாப விகிதம் 5 சதவீதம். இரண்டாவது 6 விற்று 2.4 லாபம், 40 சதவீதம். மூன்றாவது 4 விற்று 1.4 லாபம், 35 சதவீதம். மென்பொருளில் லாப விகிதப் பத்தியை இழுத்துப் போட்டு 'சராசரி' என்று விட்டால், 5, 40, 35 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 26.7 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். பிரிண்டர் பிரிவு மொத்தமும் ஆரோக்கியமான நிறத்தில் ஜொலிக்கும். உண்மையில் 100 விற்பனைக்கு 8.3 லாபம்தான் வந்திருக்கிறது, அதாவது 8.3 சதவீதம். நிறுவனத்தின் இலக்கு 12 சதவீதமாக இருந்தால் இது கவலைப்பட வேண்டிய பிரிவு. படம் அதை நேர்மாறாகக் காட்டிவிடும். எனவே லாப விகிதத்தைத் தரவின் ஒவ்வொரு வரியிலும் கணக்கிட்டு வைத்துச் சராசரி எடுக்காதீர்கள். மொத்த லாபத்தை மொத்த விற்பனையால் வகுக்கும் சூத்திரமாக எழுதுங்கள். அப்போது எந்த அடுக்குக்குப் போனாலும் அந்த அடுக்குக்குரிய சரியான எண் வரும். பவர் பிஐ என்ற அறிக்கை மென்பொருளில் அதை மெஷராகவும் (ஒவ்வொரு அடுக்குக்கும் புதிதாகக் கணக்கிடும் சூத்திரம்), அதே வகை மென்பொருளான டேப்லோவில் இரண்டு கூட்டுத்தொகைகளை வகுக்கும் கணக்கிட்ட புலமாகவும் எழுத வேண்டும். வளர்ச்சி விகிதத்துக்கும் இதே விதிதான்.

மூன்றாவது, நிற அளவுகோலின் இரு முனைகளும் நடுப்புள்ளியும். சென்ற ஆண்டு 2 விற்ற ஒரு பொருள் இந்த ஆண்டு 14 விற்றால் வளர்ச்சி 600 சதவீதம். மென்பொருள் தானாக அளவுகோலை அமைத்தால் ஒரு முனை 600-இல் போய் நிற்கும். மற்ற எல்லாப் பொருட்களும் மைனஸ் 15-க்கும் பிளஸ் 15-க்கும் நடுவே இருப்பதால் எல்லாமே ஒரே வெளிறிய நிறமாகிவிடும். அளவுகோலை மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை என்று நீங்களே கட்டிவிடுங்கள். அதைத் தாண்டுவது எல்லாம் முனையின் அடர்நிறத்தையே எடுத்துக்கொள்ளட்டும். நடுப்புள்ளி வெளிர்சாம்பலாக இருக்க வேண்டும், அது அர்த்தமுள்ள ஒரு எண்ணில் நிற்க வேண்டும்: வளர்ச்சிக்கு 0, லாப விகிதத்துக்கு இலக்கு. இந்த எண்களை மாதத்துக்கு மாதம் மாற்றாதீர்கள். போன மாதம் அடர்நீலம் என்றால் பிளஸ் 20, இந்த மாதம் அடர்நீலம் என்றால் பிளஸ் 8 என்று ஆகிவிட்டால், அறிக்கையைத் தொடர்ந்து பார்க்கும் ஒருவரின் கண்ணுக்குப் பழகிய அர்த்தம் கெட்டுவிடும்.

சிவப்பு, பச்சை இணையையும் தவிர்த்துவிடலாம். இவ்விரண்டையும் பிரித்தறியச் சிரமப்படும் ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 12 ஆண்களில் ஒருவர். பத்துப் பதினைந்து பேர் உள்ள ஒரு கூட்டத்தில் ஒருவராவது இருக்கக்கூடும், அவர் அதை வெளியே சொல்லவும் மாட்டார். நீலம், ஆரஞ்சு இணை எல்லோருக்கும் தெரியும். கட்டத்தின் நிறம் அடர்த்தியாக இருந்தால் வெள்ளை எழுத்து, வெளிறியிருந்தால் கறுப்பு எழுத்து என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளியின் வெளிர்சாம்பலில் வெள்ளை எழுத்து போட்ட அறிக்கைகள் ஏராளம்.

கட்டங்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்பது நம் கையில் அதிகம் இல்லை. ஆனால் தெரிந்திருப்பது நல்லது. ஷ்னைடர்மனின் முதல் முறை, ஒரு அடுக்கைக் குறுக்கே வெட்டு, அடுத்ததை நெடுக்கே வெட்டு என்பது. வரிசை மாறாது என்பது அதன் பலம். மேலே சொன்ன 600-க்கு 400 இடத்தில் 1 சதவீதப் பங்குள்ள பொருளுக்கு அதில் 6 பிக்ஸல் அகலமும் 400 பிக்ஸல் உயரமுமாக ஒரு கோடுதான் கிடைக்கும். 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புருல்ஸ், ஹைசிங், வான் வைக் மூவரும் கட்டங்களை முடிந்தவரை சதுரமாக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதே 1 சதவீதம் இப்போது ஏறக்குறைய 49-க்கு 49 கட்டமாகும். பார்க்கலாம், சுட்டியால் தொடலாம், ஒரு சின்னப் பெயரும் எழுதலாம். இன்றைய அறிக்கை மென்பொருள்களில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது இந்த வகைதான்: பெரியது இடது மேல் மூலையில், சிறியது வலது கீழ் மூலையில்.

இதற்கு ஒரு விலை உண்டு. எண்கள் கொஞ்சம் மாறினாலும் கட்டங்கள் இடம் மாறிவிடும். போன மாதம் இடப்பக்கம் இருந்த பொருள் இந்த மாதம் நடுவில் இருக்கும். ஆகவே இரண்டு மாதங்களின் ட்ரீமேப்களை அருகருகே வைத்து 'என்ன மாறியது பாருங்கள்' என்று கேட்காதீர்கள். மாற்றத்தை நிறமாக ஆக்கி ஒரே படத்தில் காட்டுங்கள்.

இரண்டு வட்டாரங்களின் ட்ரீமேப்களை அருகருகே வைப்பதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் மொத்தம் 1000, மற்றதன் மொத்தம் 250 என்றாலும் இரண்டும் ஒரே அளவுச் சட்டத்தை நிரப்பும். அப்போது இரண்டு படங்களிலும் ஒரே அளவில் தெரியும் கட்டங்கள் உண்மையில் நான்கு மடங்கு வேறுபட்டவை. ஃபில்டரைத் தட்டினாலும், ட்ரில் டவுன் செய்தாலும் (ஒரு கட்டத்தைச் சொடுக்கி அதன் உள்ளடுக்குக்குப் போனாலும்) இதே கதைதான்: மிச்சம் இருப்பது விரிந்து முழுச் சட்டத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் படத்தின் தலைப்பிலேயே அப்போதைய மொத்தத்தை எழுதிவிடுங்கள், ஃபில்டர் மாறும்போது அந்த எண்ணும் மாறும்படி.

இன்னொரு நுணுக்கம். பிரிவின் பெயரைத் தனிப் பட்டையாக மேலே வைத்தால் அந்தப் பட்டை கட்டங்களுக்கான இடத்தைத் தின்கிறது. பட்டையின் உயரம் எல்லாப் பிரிவுக்கும் ஒன்றுதான் என்பதால் சின்னப் பிரிவுகள் விகிதத்தில் அதிகமாக இழக்கின்றன. பெரிய பிரிவிலுள்ள ஒரு கட்டத்தையும் சின்னப் பிரிவிலுள்ள ஒரு கட்டத்தையும் பரப்பால் ஒப்பிடும்போது இந்தப் பிழை உள்ளே வந்துவிடும். பட்டையை மெல்லியதாக வையுங்கள்.

எத்தனை கட்டங்கள் வரை தாங்கும் என்பதற்கு அதே பிக்ஸல் கணக்கைத் திருப்பிப் போட்டால் விடை வரும். 0.1 சதவீதப் பங்குள்ள பொருளுக்கு 15-க்கு 15 பிக்ஸல் கிடைக்கும். அதில் எழுத்து சாத்தியமே இல்லை, ஒரு நிறப் புள்ளிதான். எல்லாக் கட்டத்திலும் பெயர் வேண்டும் என்று நினைப்பதை விட்டுவிடுங்கள். 60 துணைப்பிரிவுகளில் முதல் 20, 25-இல் பெயரும் எண்ணும் தெரிந்தால் போதும். மற்றவை தம் நிறத்தால் மட்டும் பேசட்டும், சுட்டியை வைத்தால் டூல்டிப்பில் விவரம் வரட்டும். மிகச் சிறியவற்றை 'மற்றவை' என்று சேர்ப்பதென்றால் பிரிவுக்குள்ளேயே சேருங்கள். அப்படிச் சேர்ப்பதற்கு முன்னால் அவற்றின் நிறங்களைப் பாருங்கள். பாதி நன்றாக வளர்ந்து பாதி சரிந்திருந்தால் இரண்டும் அடித்துக்கொண்டு சாம்பலாகிவிடும். அங்கே ஒரு செய்தி இருந்ததே யாருக்கும் தெரியாது.

மென்பொருள் வாரியாகச் சில வார்த்தைகள். எக்ஸெலில் ட்ரீமேப் 2016 பதிப்பிலிருந்து இருக்கிறது. போடுவது எளிது, ஆனால் நிறம் மேல் அடுக்குப் பிரிவை மட்டுமே காட்டும். இரண்டாவது அளவை நிறமாக்க வழியில்லை. பிவட் டேபிளிலிருந்து நேரடியாகவும் வரையாது, அதன் விவரத்தை மதிப்புகளாக நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டி அதிலிருந்து வரைய வேண்டும். மேலே சொன்ன காரணங்களால் எக்ஸெல் ட்ரீமேப்பை நான் அறிக்கைக்குப் பரிந்துரைப்பதில்லை. தரவை ஒருமுறை மேலோட்டமாகப் பார்க்கப் பயன்படுத்தலாம். கூகுள் ஷீட்ஸில் நிறத்துக்குத் தனிப் பத்தி கொடுக்கலாம், ஆனால் தரவை வேறு மாதிரி அடுக்க வேண்டும்: முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் அதன் தாய், மூன்றாவதில் பரப்பு, நான்காவதில் நிறம். உச்சியில் உள்ளதற்குத் தாய் காலியாக இருக்கும். பெயர்கள் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரிவுகளிலும் 'மற்றவை' என்று எழுதினால் குழப்பம். 'நாற்காலி மற்றவை', 'பிரிண்டர் மற்றவை' என்று வேறுபடுத்துங்கள்.

டேப்லோவில் இந்த வேலை இயல்பாக வருகிறது. ஒரு அளவைச் சைஸ் மீதும் மற்றொன்றைக் கலர் மீதும் போட்டு, பிரிவையும் துணைப்பிரிவையும் லேபிள் மீது போடுங்கள். எது முதலில் இருக்கிறதோ அதுதான் வெளி அடுக்கு. அடுக்கு தலைகீழாக வந்தால் இந்த வரிசையை மாற்றினால் சரியாகிவிடும். பவர் பிஐ-யில் கேட்டகரி, டீடெய்ல்ஸ், வேல்யூஸ் என்று மூன்று இடங்கள். டீடெய்ல்ஸில் துணைப்பிரிவைப் போட்டால் பிரிவுக்கு ஒரு நிறம் என்ற பழைய பாதைக்கே போய்விடுவீர்கள். அதைக் காலியாக விட்டு, பிரிவு, துணைப்பிரிவு, பொருள் மூன்றையும் கேட்டகரியிலேயே படிநிலையாக வைத்து ட்ரில் டவுனைத் திறந்துவிட்டு, நிறத்துக்கு மெஷரை அடிப்படையாகக் கொண்ட விதி எழுதுவது என் வழக்கம். மைக்ரோசாஃப்ட்டின் அறிக்கைக் கருவியான எஸ்கியூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் பயன்படுத்துபவர்களுக்கு அதன் 2016 பதிப்பில் ட்ரீமேப் வந்துவிட்டது. ஆனால் அந்த வகை அறிக்கைகள் பெரும்பாலும் பிடிஎஃப் ஆகி மின்னஞ்சலில் போகும். டூல்டிப் அங்கே வேலை செய்யாது என்பதால் கட்டங்களைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

உங்கள் அறிக்கைக்கு நான் செய்யச் சொல்வது இதுதான். 400 பொருட்களை முதல் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். 9 பிரிவுகளும் 60 துணைப்பிரிவுகளும் மட்டும் தெரியட்டும். துணைப்பிரிவைச் சொடுக்கினால் அதன் பொருட்கள் பக்கத்தில் ஒரு அட்டவணையாக வரட்டும். சென்ற ஆண்டின் இதே மாத விற்பனை பரப்பு. அதிலிருந்து இந்த ஆண்டின் மாற்ற விகிதம் நிறம், மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை, ஆரஞ்சிலிருந்து நீலம். சென்ற ஆண்டு இல்லாமல் இந்த ஆண்டு வந்த துணைப்பிரிவுகள் படத்தில் வராது என்பதால் அவற்றைக் கீழே ஒரு வரியில் பெயரும் தொகையுமாக எழுதிவிடுங்கள். படத்தின் வலப்பக்கத்தில் 9 பிரிவுகளுக்கும் ஒரு சின்னப் பார் சார்ட் வையுங்கள், துல்லியமான எண்ணைக் கேட்பவர்களுக்காக. தலைப்பில் 'விற்பனை ட்ரீமேப்' என்று எழுத வேண்டாம். 'கட்டத்தின் அளவு: சென்ற ஆண்டு இதே மாத விற்பனை. ஆரஞ்சு: குறைந்தவை. நீலம்: கூடியவை' என்று எழுதுங்கள். நிற அளவுகோலுக்கான குறிப்பைத் தேட வேண்டிய தேவையே வராது.

அனுப்புவதற்கு முன்னால் இந்தத் தரவோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் படத்தைக் காட்டி இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பிரிவில் பிரச்சினை இருக்கிறது? அது பிரிவு முழுவதிலுமா, ஒன்றிரண்டு துணைப்பிரிவில் மட்டுமா? சில நொடிகளில் விரலை வைத்துக் காட்டினால் மேலாளருக்கு அனுப்பலாம். தடுமாறினால் முதலில் கட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள், அதன் பிறகு நிறத்தின் நடுப்புள்ளியைச் சரிபாருங்கள். பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.